வாய்க்கால் முழுக்கக் கேட்ட குரல்

சின்னவளுக்குக் குரல் பெரிது, பெண்பிள்ளை கொஞ்சம் அடக்கிக் கதைக்கப் பழக வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் சொன்னார்களாம். அவள் வந்து அதை எங்களுக்குச் சொன்னபோது, லிங்கநகரில் எங்கள் ஒழுங்கையின் கடைசி வீட்டுக்கும் கேட்டிருக்கும். அம்மா சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, ஓர் ஆளின் ஞாபகம் வந்தது. பிள்ளைகள் மூன்று பேரும் இதை வாசியுங்கள். அப்பா பத்தாம் வகுப்போடு நின்றவன். எழுத்தில் பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். நடந்ததில் பிழை இல்லை.

நீங்கள் அப்பாவை ஓட்டோவோடு கண்டவர்கள். அதற்கு முதல், மூதூருக்கு அங்கால் ஒரு குளத்தின் கீழே நான் வயல் செய்தேன். சொந்த வயல் இல்லை, குத்தகை. என்னிடம் இரண்டு சில்லு உழவு மெசின் ஒன்று இருந்தது. என் வயலை உழுது முடித்து, மற்றவர்களின் வயலையும் கூலிக்கு உழுவேன். என் வயலுக்கு அடுத்த வயலைச் செய்தவர்தான் இந்த அக்கா. அவரும் குத்தகைதான். ஊரில் சிலர் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள், சிலர் முறை சொல்லிக் கூப்பிட்டார்கள், முதுகுக்குப் பின்னால் ‘லவுட்ஸ்பீக்கர்’ என்றவர்களும் உண்டு. எனக்கு அக்கா. பெயரை நான் இதில் எழுதவில்லை. அது எழுதப்பட வேண்டிய இடம் வேறு. அந்த இடத்தில் எழுதுவிக்கத்தான் அவர் இவ்வளவு பாடும் பட்டார்.

அக்காவுக்கு மெல்லக் கதைக்கத் தெரியாது. வரம்பில் நின்றுகொண்டு அடுத்த வயலில் நிற்கிறவளிடம் “வெத்திலை வச்சிருக்கிறியோ?” என்று கேட்பார். குளக்கட்டில் மாடு மேய்க்கிறவர் தன்னிடம்தான் கேட்கிறார் என்று நினைத்து, “இல்லை அக்கா, முடிஞ்சு போச்சு” என்று மறுமொழி சொல்லுவார். ஒரு செத்த வீட்டில் பக்கத்தில் இருந்த பெண்ணின் காதுக்குள், “பாவம் மனுசன், கடைசி நேரம் ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோகப் பெத்த பிள்ளையள் ஒண்டும் வரேல்ல” என்று இரகசியம் சொன்னார். பந்தலில் வந்தவர்களுக்குக் கைகொடுத்துக்கொண்டு நின்ற பிள்ளைகள் எல்லாரும் நிலத்தைப் பார்த்தார்கள். அக்கா பிறகு என்னிடம், “நான் மெல்லத்தானே சொன்னனான்?” என்று கேட்டார். உண்மையாகவே கேட்டார்.

கோயிலில் எல்லாரும் கண்ணை மூடி மனதுக்குள் கும்பிடுவார்கள். அக்கா வாய்விட்டுத்தான் கேட்பார். “பிள்ளையாரப்பா, போன கிழமை எனக்குத் தண்ணி கலந்து பூச்சி மருந்து வித்தவனுக்கு நல்ல புத்தியைக் குடு.” விற்றவர் அவருக்குப் பின்னால் அர்ச்சனைத் தட்டோடு நின்றார். அதற்குப் பிறகு அந்தக் கடையில் அக்காவுக்கு மட்டும் மூடி உடைக்காத போத்தல்தான் கிடைத்தது.

ஒருநாள் வரம்பில் இருந்து சாப்பிடும்போது நான் கேட்டேன். “ஏன் அக்கா, சத்தத்தைக் கொஞ்சம் குறைச்சா என்ன?”

“என்ர மனுசனுக்குச் சண்டை நேரம் செல் விழுந்து வெடிச்சதில ஒரு காது போட்டுது. அவரோட கதைச்சுக் கதைச்சு எனக்கு இப்பிடி வந்திட்டுது.”

“அவர் தவறிப்போய்க் கன காலம்தானே?”

“தம்பி, அவருக்கு ஒரு காதாவது கேட்டுது. அரசாங்கக் கந்தோர் வழிய இருக்கிறவைக்கு ரெண்டும் கேளாது. நான் இன்னும் கூட்டோணும் எண்டு யோசிச்சுக்கொண்டிருக்கிறன், நீங்கள் குறைக்கச் சொல்லுறீங்கள்.”

இனி, ரவுணில், பட்டணத்துப் பிள்ளைகளாய் வளர்ந்த உங்களுக்கு விளங்காத ஒரு விசயத்தைச் சொல்ல வேண்டும். நெல் விதைக்கிறவர்களுக்கு அரசாங்கம் மானியத்தில் யூரியா போன்ற பசளை கொடுக்கும். கடை விலையில் ஒரு சிறு பங்கைக் கட்டினால் போதும். இப்போது மூடைக்குப் பதிலாகக் காசை வங்கியில் போடுகிறார்கள் என்று கேள்வி. அப்போது மூடையாகத்தான் வந்தது. கமநல சேவை நிலையம் என்று ஒரு கந்தோர் உண்டு. வயல்களின் பதிவு அங்கே இருக்கும். பதிவில் ஆருடைய பெயரோ அவருக்கு மூடை. வயலைச் செய்கிறவருக்குத்தான் பசளை என்பதுதான் ஒழுங்கு. ஆனால் எங்கள் பக்கத்தில் பாதிக்கு மேற்பட்ட வயல்களுக்குப் பதிவில் இருந்தது காணிக்காரரின் பெயர். காணிக்காரர் சிலர் ரவுணில் இருந்தார்கள், சிலர் கொழும்பில், ஒருவர் கனடாவில். மூடை அவர்களுடைய பெயருக்குப் போகும். சேற்றுக்குள் நிற்கிற எங்களுக்கு வராது. மூதூரில் முஸ்லிம் ஆட்களின் வயல்களிலும் குத்தகைக்காரருக்கு இதே கதைதான்.

வயலுக்கே வராத மனிதருக்குப் பசளை எதற்கு என்று நீங்கள் கேட்பீர்கள். விற்கத்தான்.

அக்காவின் காணிக்காரர் ரவுணில் உத்தியோகம் பார்த்து ஓய்வுபெற்ற ஒரு ஐயா. கெட்ட மனிதர் என்று நான் சொல்லமாட்டேன். வெள்ளை உடுப்பு, மெல்லிய குரல். அவர் கதைக்கும்போது நாங்கள் கிட்டப் போய்த் தலையைச் சாய்த்துத்தான் கேட்க வேண்டும். பொங்கலுக்கு அக்காவுக்குச் சேலை அனுப்புவார். ஆனால் அறுவடை முடிந்து குத்தகை நெல் ஏற்றுகிற அன்றைக்குத்தான் அவரை நாங்கள் காண்போம். அன்றைக்கும் வரம்பில் இறங்கமாட்டார். றோட்டில் குடையைப் பிடித்துக்கொண்டு நிற்பார்.

ஒரு பெரும்போகம், மழைக்கால வெள்ளாமை. பயிர் கதிர் கட்டப்போகிற நேரம், யூரியா போட்டே ஆக வேண்டும். விட்டால் பயிர் மஞ்சளடித்துப் போய்விடும். நானும் அக்காவும் என் மெசினில் இழுவைப் பெட்டியைக் கொழுவிக்கொண்டு மூதூர்ச் சந்தைக்குப் போனோம். பசளைக் கடை வைத்திருந்த முஸ்லிம் பெரியவர், எங்களுக்கு நானா, அக்காவுக்கு நீண்ட நாள் பழக்கம்.

நானா விலையைச் சொன்னதும் அக்கா மூடையைக் கிட்டப் போய்ப் பார்த்தார். அரசாங்க எழுத்துள்ள பக்கம் சுவரைப் பார்த்தபடி இருந்தது. பிடித்துத் திருப்பினார்.

“நானா, இது மானிய மூடையெல்லோ?”

“மகள், கொஞ்சம் மெல்லக் கதைங்க. கடையில ஆக்கள் நிக்காங்க.”

“ஆற்ற மூடை இது?”

நானாவுக்குப் பொய் சொல்ல வராது. “உங்கட காணிக்காரர்ரதான். நான் களவா எடுக்கல்ல, மகள். காசு குடுத்து வாங்கின சாமான். நான் வாங்காட்டி அடுத்த கடைக்காரர் வாங்குவார்.”

“அப்ப என்ர வயலுக்கு வந்த பசளையை நான் உங்களிட்டக் காசு குடுத்து வாங்கோணும்.”

“அப்பிடித்தான் வருது.”

“வடிவாய் இருக்கு! என்ர கோழியைப் பிடிச்சு எனக்கே விக்கிறீங்கள்!”

இது சந்தைக்குள் மீன் வாங்கிக்கொண்டு நின்றவர்களுக்குக் கேட்டது. மீன் நிறுத்துக்கொண்டிருந்தவர் தராசைப் பிடித்தபடியே திரும்பிப் பார்த்தார். சத்தத்தை நிற்பாட்டலாம் என்று நானா தேத்தண்ணி எடுப்பித்துக் கொடுத்தார். அக்கா தேத்தண்ணியைக் குடித்தார். சத்தம் நிற்கவில்லை. ஆனால் மூடையை வாங்கத்தான் வேண்டியிருந்தது. பயிருக்கு நியாயம் தெரியாது, பசளைதான் தெரியும். வீட்டுக்கு வரும் வழி முழுக்க மெசினின் சத்தத்துக்கு மேலால் என்னோடு கதைத்துக்கொண்டு வந்தார். எனக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்டது.

அந்த அறுவடைக்கு ஐயா வந்து றோட்டில் நின்றபோது அக்கா நேரே போய்க் கேட்டார். ஐயாவுக்குக் கோபம் வரவில்லை. அவருக்குக் கோபம் வந்தாலும் எங்களுக்குத் தெரியாது.

“பிள்ளை, அது காணிக்கு வாறது. காணி என்ர. இதுக்குப் போய் றோட்டில நிண்டு சத்தம் போடலாமோ?”

“காணி உங்கட, ஐயா. ஆர் இல்லையெண்டது? சத்தம் என்ர.”

லொறிக்கு நெல் ஏற்றிக்கொண்டிருந்தவர்கள் மூடையைத் தோளில் வைத்தபடி நின்றுவிட்டார்கள். ஐயா குடையை மறுபக்கம் சாய்த்துக்கொண்டார்.

அடுத்த பெரும்போகத்துக்கு முதல் வழக்கமான கூட்டம் நடந்தது. குளத்துத் தண்ணீரை எப்போது திறப்பது, எப்போது விதைப்பது என்று உத்தியோகத்தர்களும் கமக்காரரான நாங்களும் ஒன்றாக இருந்து முடிவெடுக்கும் கூட்டம். பள்ளிக்கூட மண்டபத்தில் உத்தியோகத்தர்களுக்குக் கதிரை, எங்களுக்குப் பிள்ளைகள் இருக்கும் வாங்கு. கமநலக் கந்தோரில் இருந்து வந்தவர் குச்சவெளிப் பக்கத்து இளம் ஆள். நல்ல பெடியன், ஆனால் புதிது. அவர் எல்லாம் சொல்லி முடித்து, “வேற கேள்வி இருக்கோ?” என்று கேட்டது பிழையாய்ப் போனது. அக்கா எழும்பினார்.

“பசளை ஆருக்கு?”

“பதிவில உள்ளவைக்கு, அம்மா.”

“பதிவில உள்ளவை விதைக்கினமோ?”

பின்வாங்கில் சிரிப்பு எழும்பியது. “அம்மா, மெதுவாக் கதையுங்கோ. எங்களுக்குக் கேக்குது” என்றார் அந்த இளம் ஆள்.

“கேக்குதெண்டால் ஏன் மறுமொழி இல்லை?”

முன்வாங்கில் இருந்த ஒரு காணிக்காரரின் மருமகன் திரும்பி, “அரசாங்கம் சும்மா தாற சாமான். தாறதை வாங்கிற ஆக்கள் வாங்கட்டும், உங்களுக்கென்ன?” என்றார்.

“ஆற்ற காசில தருகினம்? நான் வாங்கிற சீனிக்கும் சோப்புக்கும் வரி இல்லையோ? நான் கையேந்திக்கொண்டு வரேல்ல. என்ரயைக் கேட்டுக்கொண்டு வந்தனான்.”

பிள்ளைகளே, இந்தச் சொல்லை நீங்கள் மறக்கக்கூடாது. மானியம் என்றால் ஆரோ பாவம் பார்த்துத் தருவது என்று எங்களையே நம்பவைத்திருந்தார்கள். கிடைத்தால் கும்பிட்டு வாங்க வேண்டும், கிடைக்காவிட்டால் வாயை மூடிக்கொண்டு போக வேண்டும். அக்கா கும்பிடவும் இல்லை, மூடவும் இல்லை.

இளம் உத்தியோகத்தர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “அம்மா, நான் என்ன செய்யிறது? தாங்கள்தான் வயல் செய்யிறம் எண்டு காணிக்காரர் சொல்லினம். இல்லை, நாங்கள்தான் எண்டு நீங்கள் சொல்லுறீங்கள். நான் ஆரை நம்புறது?”

“ஒருத்தரையும் நம்ப வேண்டாம். வாய்க்கால் வெட்டுற அண்டைக்கு வாங்கோ.”

எங்கள் ஊரில் வாய்க்காலுக்கு ஒரு வழக்கம் இருக்கிறது. விதைப்புக்கு முதல், தண்ணீர் வரும் வாய்க்காலைப் பங்கு பிரித்து முளைக் கட்டை அடிப்பார்கள். எந்த வயலுக்கு எவ்வளவு பங்கு என்று கணக்கு உண்டு. உன் பங்கில் வளர்ந்த புல்லையும் ஆற்றுவாழை என்ற நீர்ச்செடியையும் நீதான் வெட்டி எறிய வேண்டும். தண்ணீர் முறை பார்க்கும் விதானையார் கரையால் நடந்து வந்து, ஒவ்வொரு முளையிலும் நின்று பெயரைக் கூப்பிடுவார். கூப்பிடப்பட்டவர் வாய்க்காலுக்குள் நின்று “ஓம்” சொல்ல வேண்டும். கரையில் நின்று சொன்னால் செல்லாது, உள்ளுக்கு நிற்க வேண்டும். விதானையார் எப்போதும் எங்கள் பெயர்களைத்தான் கூப்பிடுவார். நிற்கிறவர்கள் நாங்கள்தானே.

“அண்டைக்கு விதானையார் எங்கட பேரைக் கூப்பிட வேண்டாம்” என்றார் அக்கா. “உங்கட பதிவில இருக்கிற பேரைக் கூப்பிடட்டும். உள்ளுக்கு நிண்டு ஆர் ஓம் எண்டு சொல்லுகினமோ, அவைக்குப் பசளையைக் குடுங்கோ.”

கை உயர்த்தச் சொன்னார்கள். மண்டபத்தில் முன்வாங்கைத் தவிர எல்லாக் கையும் உயர்ந்தது. உத்தியோகத்தர், “சரி, வாறன்” என்றார்.

சொன்னபடி வந்தார். நாங்கள் விடியவே வாய்க்காலுக்குள் இறங்கி அவரவர் பங்கில் மண்வெட்டியோடு நின்றோம். ஒருவரும் வாய் திறப்பதில்லை என்று பேசி வைத்திருந்தோம். விதானையாருக்கு அன்றைக்குத் தடிமன், தொண்டை கட்டிப்போயிருந்தது. பதிவில் இருந்த முதல் பெயரைக் கூப்பிட்டார், பக்கத்தில் நின்ற எனக்கே கேட்கவில்லை. அவர் அக்காவைப் பார்த்தார்.

“பிள்ளை, நீ கூப்பிடு.”

அக்கா தன்னுடைய பங்கை அப்படியே விட்டுவிட்டுக் கரைக்கு ஏறினார். விதானையார் காதுக்குள் சொல்லச் சொல்ல, அக்கா கூப்பிட்டார். அந்தக் காணிக்காரர்களின் பெயர்கள் அந்த வாய்க்காலில் அவ்வளவு பெரிதாய் ஒருநாளும் கேட்டிருக்காது. முதல் பெயருக்கு ஆற்றுவாழைக்குள் இருந்த கொக்கு எழும்பிப் பறந்தது. மறுமொழி இல்லை. இரண்டாவது பெயர், மறுமொழி இல்லை. கனடாக்காரரின் பெயர் வந்தபோது அடக்க முடியாமல் ஆரோ ஒருவர், “அவர் அங்க நல்ல நித்திரை, அக்கா! இப்ப அங்க இரவு!” என்றார். வாய்க்கால் முழுக்கச் சிரித்தது. உத்தியோகத்தரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளுக்கு இறங்கி, ஒவ்வொருவரிடமும் வந்து, “இந்த வயலை நீங்களோ செய்யிறீங்கள்?” என்று கேட்டார். ஒவ்வொருவரும் “ஓம்” என்றோம்.

தன் காணிக்கார ஐயாவின் பெயரை மட்டும் அக்கா இரண்டு தரம் கூப்பிட்டார். பிறகு, தானே மறுமொழியும் சொன்னார். “ஆள் இல்லை!”

இதில் நாங்கள் எதிர்பார்த்ததை விடக் கூடுதலாகவே நடந்தது. உத்தியோகத்தர் காணிக்காரர்களுக்குத் தொலைபேசி எடுத்தார். கனடாக்காரர், “செய்யிறவைக்குக் குடுங்கோ, இதை ஏன் என்னட்டக் கேக்கிறீங்கள்?” என்று சொன்னாராம். என் காணிக்காரரும் விட்டுக்கொடுத்தார். வாய்க்காலில் நின்ற மற்றவர்களின் பெயர்கள் எல்லாம் பதிவில் ஏறின. ஏறாமல் நின்றது ஒன்று, அக்காவின் பெயர். ஐயா மட்டும் கந்தோருக்குப் போய், “அந்த வயலை இந்தப் போகத்திலயிருந்து நானே செய்யிறன்” என்று மெல்லிய குரலில் சொல்லிவிட்டு வந்தார். காணிக்காரர் தானே செய்கிறேன் என்றால் உத்தியோகத்தரால் ஒன்றும் செய்ய ஏலாது.

அக்காவிடம் வந்து அவர் இதைச் சொன்னதுகூட றோட்டில் நின்றுதான். “பிள்ளை, இனி நான் செய்விக்கப் போறன். நீர் வேற வயல் ஏதும் பாரும்.”

அந்த வயல்தான் அக்காவின் சாப்பாடு. அவருடைய மகளின் படிப்புச் செலவும் அதில்தான். மனுசன் இருந்த காலத்தில் இரண்டு பேருமாகப் பற்றை வெட்டித் திருத்திய வயல். எங்கள் எல்லாருக்கும் மூடை கிடைத்தது, வாங்கித் தந்தவருக்கு வயலே இல்லை. என் மூடையை ஏற்றிக்கொண்டு வந்த அன்றைக்கு, அக்காவின் வீட்டுப் பக்கம் வராமல் சுற்று வழியால் வந்தேன்.

ஆனால் ஐயா ஒன்றை யோசிக்கவில்லை. அக்காவின் பங்கு வெட்டப்படாமல் கிடந்தது. பெயர் கூப்பிடக் கரைக்கு ஏறியவர் பிறகு அதில் இறங்கவில்லை. வாய்க்காலின் நடுவில், மேலேயும் கீழேயும் துப்பரவாய் இருக்க, அந்தத் துண்டு மட்டும் ஆற்றுவாழை மண்டிக் கிடந்தது. தண்ணீர் திறந்தால் அதில் அடைத்துக்கொண்டு நிற்கும். அதற்குக் கீழே இருந்த வயல்களுக்கு, என்னுடையதற்கும்தான், தண்ணீர் வராது.

சிலர் சேர்ந்து அதை வெட்டிவிடலாம் என்று மண்வெட்டியோடு போனார்கள். அக்கா அந்தத் துண்டுக்குள் இறங்கி நின்றார். “ஒருத்தரும் தொடாதேங்கோ! இது ஆற்ற பங்கு? தானே வயல் செய்யிறன் எண்டவற்ற பங்கு. அவர் வந்து வெட்டட்டும்.”

“உன்ர கோவத்துக்கு எங்கட வயல் காயிறதோ?” என்று ஒருவர் கத்தினார்.

“உங்கட வீட்டில இருக்கிற மூடை என்ர கோவத்தில வந்ததுதான், அண்ணை.”

அவர் மண்வெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு திரும்பிப் போனார். மற்றவர்களும் போனார்கள்.

ஐயா கூலிக்கு ஆள் கேட்டு அனுப்பினார். ஒருவரும் போகவில்லை. என்னிடம் ஆளை அனுப்பி, அந்த வயலை உழுதுதரச் சொன்னார், கூலி கூட்டித் தருவதாகவும் சொன்னார். நான், “என்ர மெசின் அந்த வயலுக்குள்ள இறங்காது எண்டு ஐயாவுக்குச் சொல்லுங்கோ” என்றேன். எனக்கு அப்போது காசு தேவைதான். பெரியவனுக்குப் பால்மா வாங்குகிற காலம். அம்மாவிடம் கேட்டேன், “வேண்டாம்” என்று அவளும் சொன்னாள். இதையும் நீங்கள் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

தண்ணீர் திறக்கும் நாள் நெருங்க, கமக்காரர் சங்கம் கூடியது. அக்கா வந்து வாங்கில் இருந்தார். முன்னர் கதைத்த அதே மருமகன் எழும்பி, “வயல் இல்லாத ஆக்கள் இந்தக் கூட்டத்தில இருக்க ஏலாது” என்றார். சட்டப்படி அது சரி. அக்கா எழும்பி வெளியே போனார். கதவும் சாத்தப்பட்டது. அக்கா யன்னலுக்குக் கீழே மாமர நிழலில் நின்றுகொண்டு அங்கிருந்து கதைக்கத் தொடங்கினார். உள்ளே இருந்தபோது கேட்டதை விட இப்போது நன்றாகக் கேட்டது.

“விதானையார்! தானே செய்யிறன் எண்டு சொல்லுறவர் வாய்க்காலுக்குள்ள நிண்டு ஓம் சொல்லோணுமோ இல்லையோ? வழக்கம் எனக்கு மட்டும்தானோ, ஐயாமாருக்கும் உண்டோ?”

விதானையாருக்குத் தடிமன் மாறியிருந்தது. “எல்லாருக்கும்தான்” என்றார் அவர், யன்னலைப் பார்த்து. கூட்டம் அப்படியே முடிவெடுத்தது. ஐயா வந்து தன் பங்கில் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் குளத்தின் மதகு, துருசு, திறக்கப்படாது, ஏன் திறக்கவில்லை என்று மேலிடம் கேட்டால் ஐயாவின் பெயரைச் சொல்லுவது.

அவர் வந்தார். வாடகைக் காரில், குடையோடு. இளம் உத்தியோகத்தர் கரையில் நின்றார். நாங்கள் எல்லாரும் அவரவர் பங்கில் மறுபடி இறங்கி நின்றோம். வெட்ட வேலை இல்லை, நிற்பதற்கென்றே நின்றோம். விதானையார் அந்த முளைக்குப் போய்ப் பெயரைக் கூப்பிட்டார். ஐயா றோட்டில் நின்றபடி கையை உயர்த்தினார்.

“ஐயா குறை நினைக்கக் கூடாது” என்றார் விதானையார். “உள்ளுக்கு நிண்டுதான் சொல்லோணும்.”

ஐயா சப்பாத்தைக் கழற்றினார். வெள்ளை நீளக்காற்சட்டையை முழங்கால் வரை மடித்துக்கொண்டு இறங்கினார். சேறு மடிப்பையும் தாண்டியது. “ஓம்” என்றார். ஆரோ ஒரு மண்வெட்டியை நீட்ட, வாங்கி ஆற்றுவாழையைக் கொத்தினார். அதன் வேர் அப்படிக் கொத்தினால் வராது, அடியில் கொடுத்துக் கிளப்ப வேண்டும். கொத்தினார், அது அப்படியே கிடந்தது. மறுபடி கொத்தினார். நாங்கள் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் அவர் ரோசப்பட்டுக் கரையேறிப் போயிருப்பார். அக்கா கரையில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

வெயில் ஏறியது. வெட்டி எடுத்தது ஒரு கூடை இராது. ஐயா நிமிர்ந்து மூச்சு வாங்கிக்கொண்டு, கரையைப் பார்த்து ஏதோ சொன்னார்.

“என்ன, ஐயா?”

“வயலை நீரே செய்யும், பிள்ளை.”

“பசளை?”

அவர் சொன்னார். அடுத்த பங்கில் நின்ற எனக்குக்கூட அது சரியாய்க் கேட்கவில்லை.

“கேக்கேல்ல, ஐயா.”

ஐயா இரண்டு பக்கமும் பார்த்தார். வாய்க்கால் வளைந்து மறைகிற இடம் வரை ஆட்கள் மண்வெட்டிப் பிடியில் கையை ஊன்றிக்கொண்டு நின்றார்கள்.

“பசளையும் உம்மட பேரில எடும்.”

“எனக்குக் கேட்டுது. கடைசிப் பங்கில நிக்கிறவருக்குக் கேட்டிராது, ஐயா. அவரும் சாட்சி.”

ஐயா தொண்டையைச் செருமினார். நெஞ்சு நிறைய மூச்சை இழுத்துக்கொண்டு, “வயலும் பசளையும் இந்தப் பிள்ளையின்ர!” என்று கத்தினார். அந்தக் குரலுக்கு அவ்வளவு பலம் இருந்தது என்று அவருக்கே தெரிந்திருக்காது.

வளைவுக்கு அப்பாலிருந்து, ஆரென்று தெரியாத ஒரு குரல் திரும்பி வந்தது. “ஓம் ஐயா, கேட்டுது!”

உத்தியோகத்தரும் கரையில் நின்றபடி, “எனக்கும் கேட்டுது” என்றார்.

அதற்குப் பிறகுதான் அக்கா சேலையை எடுத்துச் செருகிக்கொண்டு வாய்க்காலுக்குள் இறங்கி, ஐயாவின் கையில் இருந்த மண்வெட்டியை வாங்கினார்.